தம்பையாவுக்கு அரைப் பேர்

பெரகலைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் தம்பையா அண்ணனுக்குப் பயமில்லாத பொருள் இந்த உலகத்தில் ஒன்றாவது உண்டா என்று எனக்குத் தெரியாது. இடிக்குப் பயம். குளவிக்குப் பயம். பல் டாக்டருக்குப் பயம். அப்புத்தளை பஸ் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். கடையைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார், கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலே, மனைவி இராக்கம்மாவுக்குப் பயம். இந்த ஒன்றில் மட்டும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இராக்கம்மா அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்தால் நானும் இரண்டு எட்டுப் பின்னால் வைப்பேன்.

இந்த மனிதர் ஒரு யுத்தகாலப் புத்தகத்தில் வீரராக வரப்போகிறார் என்று மொஹிதீன் மாமா சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ கண்டியா? நான் கண்டவன்" என்றார்.

மொஹிதீன் மாமா என் உம்மாவுக்கு நானா, அதாவது அண்ணன். பதுளையில் பாதி ஊருக்கும் நானாதான். சண்டை நடந்த காலத்தில் பண்டாரவளையில் கரட், லீக்ஸ், கோவா என்று மரக்கறி ஏற்றி, பசறை, பிபிலை, மகா ஓயா என்று காட்டு வழியே மட்டக்களப்புப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வரும்போது கருவாடு ஏற்றிக்கொண்டு வந்த லொறிக்காரர். மற்ற லொறிக்காரர்கள் அந்தப் பாதையின் பேரைக் கேட்டதுமே சாவியை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்த காலம் அது. லொறியை விற்று, முழங்கால் வலி வந்து, பேரப்பிள்ளைகளையும் தோளில் தூக்கி முடித்த பிறகு மாமாவுக்குப் புத்தகம் எழுதும் ஆசை பிறந்தது. அவருக்கு நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. அதனால் என்ன, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பியும் டைப்செட்டிங்கும் செய்து பிழைக்கிற மருமகள் ஷஹீலா எதற்கு இருக்கிறாள்? வட்ஸ்அப்பில் குரலை அனுப்பத் தொடங்கினார்.

உண்மையைச் சொன்னால், அந்தக் குரல்களைக் கேட்டு எழுதிய நான்தான் வீரர். "மகள், எழுதிக்கோ" என்று ஆரம்பிப்பார். உடனே இருமுவார். பிறகு மாமியைக் கூப்பிட்டு மூக்குக் கண்ணாடி எங்கே என்பார். மாமி அது உங்கள் மூக்கிலேயே இருக்கிறது என்பார். அதற்கு அப்புறம்தான் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் காடும் இருட்டும் வரும். நான் அதையெல்லாம் நீக்கி நீக்கி எழுத வேண்டும். ஒரு நாள் கவனக்குறைவில் மாமியின் கண்ணாடிப் பதிலையும் காட்டுக்குள் சேர்த்துவிட்டேன்.

வில்லங்கம் பிடித்த அத்தியாயம் ஒன்று இருந்தது. 'என் இரு தோழர்கள்: யார் தைரியசாலி?' என்று மாமாவே தலைப்பு வைத்தார். லொறியில் அவரோடு போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிளீனராக வந்த ரெங்கசாமி. மற்றவர் மூட்டை ஏற்றி இறக்க வந்த தம்பையா.

"ரெங்கசாமி ஒரு புலி" என்று முதல் குரல் வந்தது. நான் உடனே போனை எடுத்தேன்.

"மாமா, யுத்தப் பொத்தகத்துல புலியா? நான் கடை நடத்துறதா, வேணாமா?"

"செரி, சிங்கம் எண்டு போடு" என்றார். சொல்லி முடிக்குமுன்பே அதுவும் சரிவராது என்று அவருக்கே விளங்கிச் சிரித்துவிட்டார். "இந்த நாட்டுல வீரத்துக்கு ஒரு மிருகம் மிச்சம் வெக்கல்லியே!" என்றார். கடைசியில் ரெங்கசாமியை யானை ஆக்கினோம். தம்பையாவை முயல் என்று எழுதச் சொன்னவர், மறுநாள் காலையிலேயே குரல் அனுப்பினார்: "முயல எடுத்துடு மகள். முயல் எண்டா ஓடும். அவன் ஓடல்ல."

ரெங்கசாமியின் கதை எழுதுவதற்கு இலகு. முன்னால் கண்ணிவெடி இருக்கலாம் என்று யாராவது ஊர்க்காரர் சொன்னால், மாமா லொறியை நிறுத்திவிடுவார். ரெங்கசாமி ஒரு கம்பை முறித்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி லொறிக்கு முன்னால் நடப்பார். ஏன்டா பாடுகிறாய் என்று மாமா கேட்டால், "வெடிச்சா இனிமே பாட முடியாதுல்ல நானா" என்பாராம். வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது. துப்பாக்கி வைத்திருக்கிறவனிடமும் நியாயம் கேட்பார்.

தம்பையா லொறியில் ஏறும்போதே மாரியம்மாவைக் கூப்பிடத் தொடங்குவார். பிபிலை தாண்டினால் வாந்தி. சோதனைச் சாவடி கண்ணில் பட்டால் அடையாள அட்டையை எடுக்கிற கை ஆடும். ஆனாலும் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே நிறுத்தினாலும், லொறி மறுபடி கிளம்புமுன் பெரட்டு எடுப்பார். தோட்டத்தில் விடிகாலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. மூன்று பேர் போகிற லொறிக்கு என்ன பெரட்டு என்று மற்ற இரண்டு பேரும் கேலி செய்வார்கள். அவர் விடமாட்டார்.

"மொஹிதீன் நானா?"

"ஈக்கிறன்."

"ரெங்கசாமி?"

"இருக்கேன்டா, எங்க போகப்போறேன்?"

அதற்குப் பிறகுதான் கதவில் தட்டுவார், லொறி நகரும். தன் பேரை அவர் கூப்பிடுவதில்லை. கூப்பிடுகிறவன் இருக்கிறான் என்று தெரிந்ததுதானே.

ஒரு தடவை ஒரு சோதனைச் சாவடியில் ரெங்கசாமி வழக்கம்போல் நியாயம் கேட்டார். அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பேசிப் பார்க்கக்கூடிய பெரிய மனிதர் யாரையாவது கூட்டி வரலாம் என்று மாமா லொறியை எடுத்தார். தம்பையா ஏறவில்லை. "பெரட்டுல ஒரு பேரு கொறையுது நானா, நான் எப்படி ஏறுறது?" என்று சொல்லிவிட்டு, சாவடிக் கேட்டுக்கு எதிரே ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். போ என்றார்கள், போகவில்லை. துப்பாக்கியைக் காட்டினார்கள், அழுதார், ஆனால் போகவில்லை. யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்று, தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "எங்க ஆள் ஒருத்தர் உள்ள இருக்காரு, சார்" என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சோறு தண்ணி இல்லை. மாமாவுக்குப் பெரிய மனிதர் யாரும் கிடைக்கவில்லை. மாலையில் அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, இந்தத் தொல்லை தாங்காமலோ என்னவோ, ரெங்கசாமியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் ஏறியதும் தம்பையா பெரட்டு எடுத்தார். எடுத்து முடித்து மயங்கி விழுந்தார்.

"முன்னால நடந்தவன் பெருசா, கேட்டுக்கு முன்னால குந்திக்கிட்டு ஈந்தவன் பெருசா? நீ செல்லு மகள்" என்று மாமா கேட்டார். நான் டைப் செய்கிறவள், தீர்ப்புச் சொல்கிறவள் இல்லை என்று தப்பித்துக்கொண்டேன். ஆனால் தம்பையா அண்ணனைப் பார்த்துச் சிரித்ததற்கு உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது.

புத்தக வெளியீட்டில் இரண்டு பேரையும் மேடையில் தன் இரண்டு பக்கமும் உட்கார வைக்க வேண்டும் என்பது மாமாவின் கனவு. ரெங்கசாமியிடம் போனில் சொன்னார். அவர் அன்றைக்கே வேட்டி வாங்கிவிட்டார். தம்பையாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு பெரகலைக்கு பஸ் ஏறினார்.

கடைக்குள் இராக்கம்மா அக்கா வடை சுட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா மெதுவாகப் பேசத் தெரியாதவர் என்பதால், தம்பையா அவசரமாக எங்களை ரோட்டோரம் கூட்டிக்கொண்டு போனார். பெரகலைக் காற்று சேலையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"நானா, ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், என் பேரப் போட்டுறாதீங்க" என்றார்.

"ஏன்டா?"

"இவ அண்ணன் அந்தப் பக்கம் வயல் வேலைக்குப் போயித் திரும்பியே வரல. அதுனால கல்யாணமான புதுசுல, கெழக்குப் பக்கம் கால் வைக்க மாட்டேன்னு மாரியம்மன் கோயில்ல கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் வாங்குனா. நான் பண்டாரவளையில கடையில மூட்ட தூக்குறேன்னு சொல்லிட்டுத்தான் ஒங்க லொறியில ஏறுனேன். மக துஷாந்தினி பொறந்த நேரம். பால்மா வாங்க வழியில்ல." அவர் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "சாமி முன்னால பண்ணுன சத்தியத்த மீறி, இத்தன வருசம் ஏமாத்துனவன்னு தெரிஞ்சா, அவ எம் மொகத்தப் பாக்க மாட்டா நானா. இந்த வயசுல நான் எங்க போவேன்?"

குண்டுக்குப் பயந்த காலத்தில்கூட அந்த முகம் இவ்வளவு வெளுத்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது மாமா பண்டாரவளை வந்ததும் என் பக்கம் திரும்பினார். "அவன் இல்லாத லொறிய நான் ஓட்டல்ல. அவன எடுத்தா அது பொய்ப் பொத்தகம்" என்றார். பதுளை வருவதற்குள் அவருக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது. முழுப் பேர் வேண்டாம், பாதிப் பேர் போடலாம். 'தம்' என்று போட்டுப் பக்கத்தில் மூன்று புள்ளி வைத்தால் போதும். "தம்பிராசா ஈக்கலாம், தம்பித்துரை ஈக்கலாம், யாருக்குத் தெரியும்?" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று சொன்னேன். கேட்கவில்லை. தம்பையாவிடம் போனில் சொன்னதும் அவருக்கும் சந்தோஷம். அத்தியாயம் முழுக்க 'தம்...' பயந்தார், 'தம்...' வாந்தி எடுத்தார், 'தம்...' கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தார் என்று மாற்றினேன்.

இந்த ஏற்பாட்டை மாமா ஒரே ஒருவரிடம் சொல்ல மறந்துவிட்டார். ரெங்கசாமி அத்தியாயத்தின் கொப்பி கேட்டார், நானும் அனுப்பினேன். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பசறையில் எல்லா தேத்தண்ணிக் கடையிலும் படித்துக் காட்டினார். பசறை முடிந்ததும், பல வருஷமாகப் பார்க்காத நண்பனுக்கும் படித்துக் காட்டலாம் என்று விலாசம் விசாரித்துப் பெரகலைக்கே போய்விட்டார். கடை நிறைய ஆட்கள். உரத்த குரலில் படித்தார். வடைச் சட்டியை விட்டு இராக்கம்மா அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

"அந்தத் தம்முங்கிறது யாருங்க?"

"வேற யாரு மதினி, ஒங்க வீட்டுக்காரருதான்!"

தம்பையா பின்வாசல் வழியாக மூடுபனிக்குள் போய்விட்டாராம். அன்றைக்குச் சாயந்தரம் ரெங்கசாமி எனக்குப் போன் செய்தார். குரலே மாறியிருந்தது. "தங்கச்சி, சத்தியம் பண்ணுன கதைய தம்பையா இப்பத்தான் சொன்னான். அந்தம்மா ஒரு வார்த்த பேசல. மிச்ச வடையச் சுட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கே பயமா இருக்கு" என்றார். கண்ணிவெடிக்கு முன்னால் பாடிக்கொண்டு நடந்த யானை.

மறுநாள் நான் என் கடையைத் திறந்து கம்பியூட்டர் மெஷினைக்கூட போடவில்லை, இராக்கம்மா அக்கா படியேறி வந்தார். நல்ல சேலை, கையில் அந்தக் கொப்பி. பின்னால், படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, தம்பையா. நான் மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் ஏதோ ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"இத எழுதுனது நீங்கதானே நானா?"

"ஓம் தங்கச்சி. கோவிச்சிக்கொள்ள வேணாம். அவன்ல ஒரு பிழையும் இல்ல, நான்தான் அவன..."

"நான் காலம் பூரா கொழுந்து எடுத்தவ" என்றார் அக்கா. "கொழுந்து நெற கொறஞ்சா கணக்கப்புள்ள அரைப்பேரு போடுவான். நாள் பூரா மலையில நின்னாலும் அரை நாள் சம்பளம்தான். அந்த அரைப்பேருக்காகப் பெரட்டுக் களத்துல நின்னு நான் சண்ட போட்டிருக்கேன். எம் மனுசன் எதுல கொறஞ்சு போனாருன்னு நீங்க அரைப்பேரு போட்டீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். சத்தியத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு பேரும் முதல் நாள் இரவே போனில் பேசி வைத்திருந்தோம். அரைப்பேரைப் பற்றிக் கேட்பார் என்று நினைக்கவே இல்லை.

"ரெங்கசாமி அண்ணனுக்கு முழுப்பேரு. லொறிக்குக் கூட நம்பர முழுசா போட்டிருக்கீங்க. பட்டினியா கேட்டுக்கு முன்னால குந்தியிருந்த ஆளுக்கு அரைப்பேரா? நல்லா இருக்கு ஒங்க நியாயம்!"

படிக்குக் கீழேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல் வந்தது. "அப்ப... சத்தியம்?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "பண்டாரவளையில மூட்ட தூக்குறவரு சட்டையில மட்டக்களப்புக் கருவாடு நாறுமா? மொத தடவ தொவைக்கையிலேயே தெரியும். அந்த வாரமே கோயிலுக்குப் போயி இன்னொரு கற்பூரம் கொளுத்துனேன். வாங்குன சத்தியத்த நானே திருப்பிக் குடுத்துட்டேன் ஆத்தா, குத்தம்னா எந் தலையில போடுன்னு சொல்லிட்டு வந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" தம்பையா இரண்டு படி ஏறியிருந்தார்.

"சொன்னா பயம் விட்டுப் போயிருக்கும். பயம் இருக்கிறவுங்க வீட்டுக்குத் திரும்பி வருவாங்க." கையிலிருந்த கொப்பியை மடித்தார். "எங்க அண்ணனுக்கு எதுக்குமே பயமில்ல."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு பயணத்துக்கும் எதுவும் தெரியாதவர்போல் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, அவர் திரும்பி வரும்வரை அந்தத் தோட்டத்து லயத்து அறையில் எப்படி இருந்திருப்பார்? அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பயத்தில் விட்டுவிட்டேன்.

மெஷினைப் போட்டேன். "சரி அக்கா, இப்பவே மாத்துறேன். எழுத்துப் பிழை வரக்கூடாது. அண்ணன்ட முழுப் பேரை நீங்களே சொல்லுங்க."

அவ்வளவு நேரம் சண்டை போட்ட மனுஷி தலையைக் குனிந்துகொண்டார். "அது எப்படி நான் சொல்றது? அவரு பேராச்சே."

மறந்தே போனேன். அவர் வயதுப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. கடைக்குள் 'இந்தாங்க', வெளியே 'துஷாந்தினி அப்பா', அவ்வளவுதான். "துஷாந்தினி அப்பான்னு போட்டுறாத புள்ள, பேரையே போடு" என்று மட்டும் எச்சரித்தார். கடைசியில் தம்பையாவே பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். திரையில் முழுசாக வந்ததும் அக்கா கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.

தலைப்பிலிருந்த 'யார் தைரியசாலி?' என்ற கேள்வியை மாமா அன்றைக்கே எடுக்கச் சொல்லிவிட்டார். 'என் இரு தோழர்கள்' மட்டும் போதுமாம்.

வெளியீடு பதுளையில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மாமாவுக்கு ஒரு பக்கம் புது வேட்டியில் ரெங்கசாமி, மறுபக்கம் தம்பையா. ரெங்கசாமியிடம் மைக்கைக் கொடுத்தோம், திரும்ப வாங்கத்தான் பெரும்பாடாகிவிட்டது. அடுத்து தம்பையாவை எழுப்பினார்கள். மைக் பிடித்த கை ஆடியதில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"எனக்குப் பேச வராதுங்க" என்றார். "பெரட்டு எடுக்குறேன்."

சபை சிரித்தது. அவர் நிமிர்ந்து நின்றார்.

"மொஹிதீன் நானா?"

"ஈக்கிறன்."

"ரெங்கசாமி?"

"இருக்கேன்டா."

பழக்கப்படி அத்தோடு முடித்துக்கொண்டு மைக்கைக் கீழே வைக்கப் போனார். முன்வரிசையில் இராக்கம்மா அக்கா எழுந்து நின்றார். மலையில் ஒரு தேயிலை நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் கூப்பிடுகிற அதே குரலில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "தம்பையா!" என்றார்.

பின்வரிசையில் தோட்டத்துப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். தம்பையா அண்ணன் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். கை ஆட்டம் நின்றிருந்தது.

"இருக்கேன்" என்றார்.